இடத்து மாடு

ஜூன் 2, 2025. திங்கள்

மூன்று நாள் விடுப்பு முடிந்து கால்நடை மருந்தகத்தைத் திறந்தால் மின்விசிறி ஓடவில்லை. "அது உங்களுக்கு முன்னாடியே டிரான்ஸ்ஃபர் வாங்கிட்டுப் போயிடுச்சுங்க மேடம்" என்றார் பூவரசன் அண்ணன். என் உதவியாளர், ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம். இந்த மருந்தகத்தில் என்னைப்போல் எட்டு டாக்டர்களைப் பார்த்தவர்.

நான்கு சினை ஊசி, நாய் கடித்த ஆடு ஒன்று, ஒரு கோழிக்குஞ்சு. கோழிக்குஞ்சை அந்தப் பெரியவர் லுங்கி மடிப்பில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். பேருந்தில் அதற்கும் டிக்கெட் கேட்பார்களோ என்று பயமாம்.

சித்தேரி மலைமேல் நேற்று நல்ல மழை. அடிவாரத்தில் எல்லாரும் ஏர் கட்ட அவசரப்படுகிறார்கள். பொம்மிடி வாடகை வீட்டுக்கு வந்து சேர ஏழு மணி. அம்மா போனில் "தெரசா, சாப்புட்டியா" என்றாள். சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு உப்புமா கிண்டினேன்.

ஜூன் 4, புதன்

மதியம் நொச்சிக்குட்டையிலிருந்து மாயவன் அண்ணன் போன். உழவு மாடு மயிலை காலையிலிருந்து வயிற்றை உதைத்துக்கொள்கிறது, மூத்திரம் போகவில்லை, உடனே வாங்க என்றார். போனேன்.

அவருக்குச் சொந்த நிலம் இரண்டு துண்டு. பிழைப்பு ஏர்தான். மலைச்சரிவில் டிராக்டர் ஏறாத காடுகளையெல்லாம் அவருடைய ஜோடிதான் உழுகிறது. இரண்டும் ஆலம்பாடி மாடுகள். நுகத்தடியில் இடப்பக்கம் மயிலை, வலப்பக்கம் காரி. ஏழு வருடமாகப் பக்கம் மாறவில்லை. மாற்றிக் கட்டினால் நடக்காது, வேறு மாட்டோடு சேர்த்தாலும் நடக்காது. "ஒண்ணு போனா ரெண்டும் போனாப்புலதானுங்க டாக்டரம்மா" என்றார், நான் கேட்காமலேயே.

மயிலை பின்னங்கால்களை அகட்டி, வாலைத் தூக்கி முக்கிக்கொண்டிருந்தது. முக்கி முக்கி, இரத்தம் கலந்து இரண்டு சொட்டு. குறியின் நுனி முடியைத் தடவினால் மணல்போல நறநறவென்றது. ஆசனவாய் வழியாகக் கையை விட்டுப் பார்த்தேன். மூத்திரப்பை நிறைகுடம்போல இறுகி நின்றது.

கல்தான். சிறுகன்றிலேயே காயடித்துவிடுவதால் இந்த மாடுகளுக்கு மூத்திரக்குழாய் வளராமல் ஒடுங்கியே இருக்கும். அடைக்கத் துவரம்பருப்பு அளவு கல் போதும். உழவுக்குத் தேற்ற வேண்டுமென்று ஒன்றரை மாதமாக அரிசித் தவிடும் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கும் கூடை கூடையாகப் போட்டிருக்கிறார்கள். போர்த் தண்ணீரோ உப்பு. மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறதாம். அப்புறம் கல் விளையாமல் என்ன விளையும் என்று கோபமாகக் கேட்டுவிட்டேன். அவர் மனைவி ராமக்காள் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நன்றாகத் தின்னக் கொடுத்தது தப்பா என்பதுபோல ஒரு பார்வை. கேட்டிருக்க வேண்டாம்.

வலிக்கும், குழாய் தளரவும் ஊசி போட்டேன். அடைப்பு விடாவிட்டால் நாமக்கல் கல்லூரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றேன். இந்த நேரத்துக்கு வண்டி கிடைக்காது என்றார். காலையில் நானே வந்து பார்க்கிறேன், அதற்குள் விடவில்லையென்றால் வண்டி பேசிவிடலாம் என்றேன். அது சரியா? வரும் வழியெல்லாம் அதே யோசனை.

ஜூன் 5, வியாழன்

மொரப்பூர் பக்கம் ஆடுகளுக்குத் தடுப்பூசி முகாம். அதை முடித்துக்கொண்டு நொச்சிக்குட்டை போகலாம் என்று இருந்தேன். எட்டு மணிக்கு ராமக்காள் அக்காவே போன் செய்துவிட்டார்.

"நோவு வுட்டுடுச்சுங்க. தலையைத் தூக்கி நிக்குது, ரெண்டு வாய் சோளத்தட்டு தின்னுச்சு. நீங்க அலைய வேணாம்."

"மூத்திரம் பெஞ்சுதாக்கா?"

"தரையெல்லாம் ஈரமா இருக்குதுங்க."

கல் இறங்கிவிட்டது. சில சமயம் ஊசிக்கே இறங்கும். ஒரு கணம் ஏதோ உறுத்தியது. அதற்குள் முந்நூறு ஆடுகள் ஒன்றாகக் கத்தின. ஒரு கிடா பூவரசன் அண்ணனை முட்டி வேலியில் தள்ளியது. நான் சிரித்த சிரிப்பில் ஊசி கை நழுவி விழுந்தது.

ஜூன் 6, வெள்ளி

ராமக்காள் அக்கா பஸ் ஏறி மருந்தகத்துக்கே வந்துவிட்டார். சாமை அரிசி, ஒரு பாட்டில் மலைத்தேன். கைராசிக்கார டாக்டர் என்று பத்து பேர் முன்னால் சொன்னார். மயிலை எப்படி இருக்கிறது என்றேன். படுத்தேதான் இருக்கிறது, பட்ட நோவின் அலுப்பு தெளியவில்லை என்றார். தலையாட்டினேன். வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

பள்ளிப்பட்டி மாதா கோயிலில் பூசை. நடுவில் போன் மூன்று முறை அதிர்ந்தது. வெளியே வந்து எடுத்தேன். மாயவன் அண்ணன். மாடு தட்டு தொடவில்லை, வயிறு உப்பிக்கொண்டே போகிறது என்றார். அந்த நொடியே தெரிந்துவிட்டது. பூசை முடியும்வரை நிற்கவில்லை, ஸ்கூட்டரை எடுத்தேன்.

பின்னாலிருந்து பார்த்தால் வயிறு இரண்டு பக்கமும் சுரைக்காய்போல அடியில் கனத்துத் தொங்குகிறது. ஒரு பக்கம் தட்டினால் அடுத்த பக்கம் வைத்த கையில் அலை வந்து மோதுகிறது. உள்ளே கையை விட்டேன். புதன்கிழமை நிறைகுடம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. வயிற்றின் அடியில் ஊசியைக் குத்தினேன், வைக்கோல் நிறத்தில் தண்ணீர் பீய்ச்சியது. ஒரு தகர மூடியில் பிடித்து அடுப்பில் சூடு காட்டச் சொன்னேன். ராமக்காள் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூத்திர வாடை.

மூத்திரப்பை வெடித்திருக்கிறது. வெடித்ததும் இறுக்கம் போய்விடும். வலி நின்றுவிடும். மாடு தலையைத் தூக்கும், இரண்டு வாய் தின்னும், பார்ப்பவர்கள் குணமாகிவிட்டது என்று நினைப்பார்கள். அதற்குப் பிறகு மூத்திரமெல்லாம் வயிற்றுக்குள் இறங்கி, நாலைந்து நாளில் இரத்தமே விஷமாகும். இது என் மூன்றாம் வருடப் பரீட்சையில் வந்த கேள்வி. முழு மதிப்பெண் வாங்கினேன்.

தரை ஈரமாக இருந்தது என்றீர்களே அக்கா, என்றேன். மாயவன் அண்ணன்தான் சொன்னார். புதன் சாயங்காலம் முனியப்பனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் தண்ணீர் தெளித்து வாக்குக் கேட்டிருக்கிறார்கள். கிடா வெட்டும் முன் கேட்பதுபோல. உடம்பை உதறித் துலுக்கினால் சாமி சம்மதம் சொல்லிவிட்டது என்று அர்த்தம். மயிலை துலுக்கவில்லை. மனசு கேட்காமல் விடிந்ததும் ஒரு குடம் முழுக்க முதுகில் ஊற்றினார்களாம். உடம்பெல்லாம் சிலிர்த்து நடுங்கியது. அதோடு வலியும் நின்றுவிட்டது. சாமி சொல்லிவிட்டது என்று கும்பிட்டு விழுந்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்திருக்கிறார்கள்.

அந்த ஈரம்.

அவர்களைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. வேலை கிடைப்பதற்காக இதே பள்ளிப்பட்டி கோயிலில் வாசலிலிருந்து பீடம்வரை முழங்காலில் நடந்தவள் நான். அவர்கள் சாமியைக் கேட்டார்கள். நான் யாரைக் கேட்டேன்? போன்ல கேட்டேன். நேர்ல போய் ஒரு நிமிசம் கையை வுட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். ஒரு நிமிசம். அன்னைக்கு அது நடந்துச்சு, வண்டி ஏறியிருக்கும். நான் வேலியில விழுந்தவரைப் பார்த்துச் சிரிச்சிட்டு இருந்தேன்.

வயிற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். சலைன் நான்கு பாட்டில். இரத்தமும் வயிற்றுத் தண்ணீரும் தனித்தனியாக எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 9, திங்கள்

பாப்பிரெட்டிப்பட்டியில் மனிதர்களுக்கு இரத்தம் பார்க்கும் லேப்தான் கதி. சீட்டில் பெயர், வயது கேட்டார்கள். மயிலை, ஆண், 10 என்று எழுதியிருந்தேன். காலையில் அங்கிருந்து அன்பு என்ற பையன் பதறிக்கொண்டு போன் செய்தான். இந்தக் குழந்தை எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது, உடனே டயாலிசிஸ் பண்ண வேண்டுமே என்றான். மாடு என்றேன். மாடா என்று இரண்டு முறை கேட்டான். பிறகு மெல்லச் சொன்னான், கிரியேட்டினின் இரத்தத்தில் இருப்பதைவிட வயிற்றுத் தண்ணீரில் இரண்டரை மடங்கு. இரண்டு மடங்கைத் தாண்டினாலே அது மூத்திரம்தான். நேற்றைய தகர மூடி சொன்னதை இன்று காகிதம் சொல்கிறது.

நாமக்கல்லுக்குப் போன் செய்தேன். உடனே கொண்டுவாங்க என்றார் அங்கிருந்த டாக்டர். மாயவன் அண்ணன் குட்டியானை வண்டி கொண்டுவந்துவிட்டார். பலகை போட்டு ஏற்றப் பார்த்தோம். இரண்டு எட்டு வைத்தது. மூன்றாவதில் முன்னங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஆறு பேர் தூக்கியும் எழவில்லை. மறுபடியும் நாமக்கல் டாக்டருக்குப் போன். "நிக்காத மாட்டை நூறு கிலோமீட்டர் கொண்டு வராதீங்கம்மா, வழியிலேயே போயிடும். உங்களால முடிஞ்சா அங்கயே திறந்துடுங்க" என்றார்.

என்னால் முடியுமா? இதுவரை இரண்டு வெள்ளாடுகளுக்குச் செய்திருக்கிறேன். இரண்டு முறையும் பக்கத்தில் பேராசிரியர் நின்றார். இதை மாயவன் அண்ணனிடம் மறைக்காமல் சொன்னேன். செய்யாவிட்டால் இரண்டு நாள், செய்தால் எனக்கே தெரியாது என்றேன். அவர் மாட்டின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "செய்யுங்க. சும்மா பார்த்துட்டு நிக்க முடியல" என்றார்.

புளியமரத்தடியில் நாலு பக்கமும் சேலை கட்டி, தார்ப்பாய் விரித்தோம். வலப்பக்கமாகச் சாய்த்து, இடது அடிவயிற்றில் மரத்துப்போக வரிசையாக ஊசி போட்டுத் திறந்தேன். மாயவன் அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். வயிற்றுத் தண்ணீரைப் பூவரசன் அண்ணன் பிடிக்கப் பிடிக்க, மூன்று பக்கெட் நிறைந்தது. மூத்திரப்பையின் மேல்பக்கம் என் இரண்டு விரல் போகிற ஓட்டை. ஓரமெல்லாம் கறுத்து, நனைந்த காகிதம்போல. தைத்தேன், கிழிந்தது. கறுத்ததை வெட்டிவிட்டு நல்ல சதையைத் தேடித் தள்ளித் தைத்தேன். நல்ல சதை எது, கெட்ட சதை எது என்று அந்த இடத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது. இரண்டு அடுக்காகத் தைத்து முடித்தேன்.

கல் இன்னும் கீழே குழாயில்தான் இருக்கிறது. அது கரையும்வரை மூத்திரம் வேறு வழியாக வர வேண்டும். மெடிக்கலில் மனிதர்களுக்கு வைக்கும் ரப்பர் குழாய் வாங்கி, ஒரு முனையைப் பைக்குள் வைத்து, மறுமுனையை வயிற்றுத் தோல் வழியாக வெளியே எடுத்துத் தைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு சொட்டியது. சொட்டு, அப்புறம் நூல்போல. ராமக்காள் அக்கா சேலைக்கு வெளியே நின்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது, கையுறையோடு துடைக்க முடியவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

குழாயில் நன்றாக வருகிறது. கல் கரைய அம்மோனியம் குளோரைடு வெல்லத் தண்ணீரில் கலந்து ஊற்றினோம். மூன்று வேளையும் ஊற்றச் சொல்லியிருக்கிறேன். உப்பில்லாத தண்ணீர் வேண்டும் என்றேன். மாயவன் அண்ணன் ஓடைவரை நடந்து குடத்தில் கொண்டுவருகிறார்.

ஜூன் 11, புதன்

எழுந்து நின்றுவிட்டது! தானாகவே. ஒரு வாளி தண்ணீர் குடித்தது. காரியைக் கொண்டுவந்து பக்கத்தில் கட்டினார்கள். அது மயிலையின் கழுத்தை நக்கிக்கொண்டே நின்றது. நாமக்கல் டாக்டரிடம் போனில் சொன்னேன். இன்னும் மூணு நாள் தாண்டட்டும்மா என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

ஜூன் 12, வியாழன்

குழாய் காய்ந்திருக்கிறது. அடைப்பாக இருக்கும் என்று சலைன் செலுத்திப் பார்த்தேன். போனது திரும்பி வரவில்லை. வயிற்றைத் தட்டினேன். அலை.

மறுபடியும் திறக்கட்டுமா என்று நானே கேட்டுக்கொண்டு நானே நின்றேன். உடம்பு பனிக்கட்டி. ஈறு வெளுத்துவிட்டது. திறந்தால் மேசையிலேயே போய்விடும். மேசை எங்கே இருக்கிறது, தார்ப்பாய்தானே. தண்ணீர் இறக்கினேன், சலைன் போட்டேன், ஊசி போட்டேன். எதற்குப் போட்டேன் என்று கேட்டால் எனக்கும் தெரியாது. சும்மா நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். மாயவன் அண்ணன் சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று அவர் கேட்டிருந்தால் பரவாயில்லை.

ஜூன் 13, வெள்ளி

காலை ஒன்பதரைக்கு மயிலை செத்துப்போச்சு.

அவர்களைக் கேட்டுக்கொண்டு, புதைக்கும் முன் அறுத்துப் பார்த்தேன். என் தையல் அப்படியே இருந்தது. அதை ஒட்டி, நான் நல்ல சதை என்று நினைத்த இடத்தில் புதிதாகக் கிழிந்திருந்தது. மூத்திரக்குழாயின் வளைவில் கல். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லை.

ஜூன் 14, சனி

மருந்தகம் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

ஜூன் 15, ஞாயிறு

சொல்லியாக வேண்டும் என்று போனேன். வழியில் மூன்று இடத்தில் வண்டியை நிறுத்தினேன்.

மாயவன் அண்ணன் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். எந்த மாட்டுக்கு என்று தெரியவில்லை. வலி நின்றதே, அப்போதுதான் வெடித்தது என்றேன். அப்படித்தான் ஆகும் என்று எனக்குப் படித்தபோதே தெரியும், வியாழக்கிழமை நேரில் வந்திருந்தால் அன்றே நாமக்கல் போயிருக்கலாம், அன்று அது நடக்கிற நிலையில் இருந்தது, என் தப்பு என்றேன். மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

அவர் கயிற்றை விடவில்லை. "நீங்க கேட்டீங்க. ஈரமா இருக்குதுன்னு சொன்னது எங்க வாய்தானுங்களே" என்றார்.

திட்டியிருக்கலாம். நான் திட்டு வாங்கத்தான் போனேன். அவர் அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டார், எனக்கு இறக்கிவைக்க இடமில்லாமல் போய்விட்டது.

ராமக்காள் அக்கா மட்டும் ஒன்று கேட்டார். "அப்ப அன்னைக்கு அது துலுக்குனது என்னாங்க?"

விஷம் ஏறத் தொடங்கிய நடுக்கம் என்று சொல்லியிருக்கலாம். விடியற்காலைக் குளிரில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் எந்த மாடும் சிலிர்க்கும் என்று சொல்லியிருக்கலாம். சாமி சொன்னதுதான் அக்கா என்றாவது சொல்லியிருக்கலாம்.  காப்பி ஆறுதுங்க, குடிங்க என்றார். குடித்தேன்.

ஜூன் 19, வியாழன்

நல்ல மழை. கீழ்க்காடுகளில் டிராக்டர் ஓடுகிறது. மேலே சரிவுகள் அப்படியே கிடக்கின்றன. பூவரசன் அண்ணன் சொன்னார், மாயவன் அண்ணன் மைத்துனர் மாட்டை இரவல் வாங்கி இடப்பக்கம் கட்டிப் பார்த்தாராம். காரி நாலு சால் உழுதது. அப்புறம் நுகத்தடியோடு படுத்துக்கொண்டது. அடித்தும் எழவில்லையாம். அடித்தவர் அழுதாராம். சொல்லிவிட்டு அவர் ஊசிகளைக் கழுவப் போய்விட்டார். நான் பதிவேட்டில் மழைக்காலத் தடுப்பூசிக் கணக்கு எழுதினேன், இரண்டு முறை தப்பாக.

ஜூன் 24, செவ்வாய்

பதினொரு மணிக்கு மாயவன் அண்ணன் காரியை ஓட்டிக்கொண்டு வந்தார். கொம்புக்கு எண்ணெய் தடவியிருந்தது. வெளியே அடிமாடு ஏற்றும் லாரி. அதில் ஏற்கனவே ஐந்து மாடுகள், ஒன்றுக்குப் பின்னங்கால் ஊனம். வெளியூருக்குக் கொண்டுபோக டாக்டர் சான்றிதழ் வேண்டும்.

காரியை முழுவதும் பரிசோதித்தேன். வெப்பம், நாடி, கண், பல், குளம்பு நான்கும். கையுறை போட்டு உள்ளேயும் பார்த்தேன். அவ்வளவு தேவையில்லை. பூவரசன் அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குறை கிடைத்தால் போதும், கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிடலாம். ஒன்றும் கிடைக்கவில்லை. இந்த மாதம் நான் பார்த்ததிலேயே ஆரோக்கியமான மாடு அதுதான்.

படிவத்தை நிரப்பினேன். இனம், ஆலம்பாடி. நிறம், கருப்பு. வயது, பத்து. அடையாளம், கழுத்தில் நுகத்தடித் தழும்பு. கொண்டுசெல்லும் நோக்கம் என்ற இடத்தில் பேனா நின்றது. லாரிக்காரர் போனில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

மாயவன் அண்ணன் மேசைப் பக்கம் குனிந்தார். "உழவுன்னே எழுதுங்க டாக்டரம்மா."

உழவு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்துக் கொடுத்தேன்.